படிக்காமல் போட்ட கையெழுத்து

மலேசியா, 1987-ஆம் ஆண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குணபூசணி பிரிக்பீல்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி கிள்ளானுக்கு வந்து, முன்னாள் கணவர் கனகலிங்கத்தின் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றாள். மகள் பூரணியை மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம் பார்க்கலாம் என்று கோர்ட் சொல்லியிருந்தது.

அன்று கனகலிங்கம் மட்டும்தான் வெளியே வந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றார். அடுத்த மாதம் வேலை மாற்றலாகி ஜொகூர் பாரு போவதாகவும், இனி அங்கே வந்து பார்த்துக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

குணபூசணி கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். பெட்டாலிங் ஜெயா ஃபேக்டரியில் ஷிப்டு வேலை. ஜொகூர் பாருவுக்குப் போய்வர யார் லீவு கொடுப்பார்கள்? பிள்ளை அத்தோடு போய்விடும்.

எதிர்வீட்டுத் தனலெட்சுமி துணி காயப் போட்டபடி இதைப் பார்த்தாள். குணபூசணி இந்த வீட்டைவிட்டுப் போன மூன்று வருடமாக இருவரும் பேசியதில்லை. அன்று அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அஞ்சு வயசுப் பிள்ளைய வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு, இப்ப வாசல்ல நின்னா ஆச்சா?"

"நான் எங்க எழுதிக் குடுத்தேன்? பிள்ளைய வீட்டுல பூட்டிட்டு வேலைக்குப் போறேன்னு நீங்கதானே அக்கா கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்தீங்க. அத வச்சுத்தானே அவருக்குக் குடுத்தாங்க."

தனலெட்சுமி துணியைப் போட்டுவிட்டு ரோட்டைக் கடந்து வந்தாள். "பூட்டிட்டா? நீ வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் அது எங்க வீட்டுலதானே சோறு தின்னுட்டுத் தூங்கும்?"

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. குணபூசணி பிள்ளையை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததாகத் தனலெட்சுமியிடம் சொன்னவரே கனகலிங்கம்தான். அவர் கவர்மெண்ட் ஆபீஸில் கிராணி, குமாஸ்தா. அந்தத் தாமான் குடியிருப்பில் அடையாள அட்டையான ஐசி, சேமநிதியான ஈபிஎஃப் என்று எந்த ஃபாரமானாலும் அவர்தான் எழுதிக் கொடுப்பார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் ஏதோ ஸ்கூல் கடிதம் என்று சொல்லித் தனலெட்சுமியை ஓர் ஆபீஸ் மாடிக்கு அழைத்துப் போனார். இங்கிலீஷ் தாள். யாரும் படித்துக் காட்டவில்லை. அவள் தமிழில் சைன் போட்டாள், முத்திரை விழுந்தது. அதுதான் பிள்ளையைப் பூட்டி வைத்ததாகக் கோர்ட்டுக்குப் போன சாட்சிப் பத்திரம். லாயர் வைக்க வசதியில்லாத குணபூசணியால் கோர்ட்டில் அதை மறுத்துப் பேச முடியவில்லை.

தனலெட்சுமியின் கணவர் பக்கிரிசாமி கேட்டதும் பயந்தார். குடியுரிமை இல்லாததால் கிடைத்த அவருடைய சிவப்பு ஐசியை மாற்றும் ஃபாரம் கனகலிங்கத்திடம்தான் இருந்தது. நமக்கு ஏன்லா இந்த வம்பு என்றார். அவள் கேட்கவில்லை.

மறுநாள் தனலெட்சுமியும் குணபூசணியும் பிரிக்பீல்ட்ஸில் லாயர் சிவகுருநாதனைப் பார்த்தார்கள். தீர்ப்பு பொய்த் தகவலை நம்பிக் கொடுத்தது என்று காட்டினால், மறுபடி விசாரிக்கக் கேட்கலாம் என்றார் அவர். ஆனால் சைன் போட்ட தனலெட்சுமியே சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். கனகலிங்கத்தின் மாற்றலுக்கு முன் கோர்ட்டில் தேதி கிடைக்குமா என்பதும் சந்தேகம். பிறகு குணபூசணியிடம் சொன்னார்:

"மாசாமாசம் அந்த வாசலுக்குப் போறீங்க. எதிர்வீட்டுல ஒரு வார்த்தை கேக்கலையான்னு ஜட்ஜ் கேப்பார். பிள்ளைக்கு இப்ப எட்டு வயசு. யார்கிட்ட இருக்கணும்னு அதையும் கேப்பாங்க. ஜெயிச்சுடலாம்னு நான் சொல்ல மாட்டேன்."

லாயர் ஆபீஸிலிருந்து இறங்கும்போது மாடிப்படியில் குணபூசணி உட்கார்ந்துவிட்டாள். அம்மாவிடம்தான் இருக்கணும் என்று பிள்ளை சொல்லுமா என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

தனலெட்சுமி பக்கத்தில் உட்கார்ந்தாள். "இங்கிலீஷ் தெரியாதது தப்பில்ல குணா. படிச்சுக் காட்டுங்கன்னு கேக்க வெக்கப்பட்டேன் பாரு, அதுலதான் உன் பிள்ளை போச்சு. தெரியாத தாள்ல இனி யாரும் சைன் போடக்கூடாது. கூண்டுல ஏறி இதையேதான் சொல்லுவேன்."

"நானும் கேக்கலையே அக்கா. நெசமாவே அப்படி எழுதினீங்களான்னு ஒரு வார்த்தை உங்ககிட்ட கேட்டிருந்தா, அன்னைக்கே அவ என்கிட்ட இருந்திருப்பா."