சாவித்திரிக்கு இரண்டு புடவை

"நீலம் பிடிச்சிருந்துதா, அண்ணி?" என்று சாஹு கேட்டபோது, இதிஸ்ரீ புது வளையல் பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எந்த நீலம்?"

"அதான், சார் போன வாரம் எடுத்துட்டுப் போனாரே. சிவப்பு ஒண்ணு, நீலம் ஒண்ணு. சாவித்திரிக்குன்னு…" சாஹு அவள் முகத்தைப் பார்த்தார். பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, ஏற்கெனவே மடித்திருந்த புடவை ஒன்றைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தார். கட்டாக்கிலேயே பெரிய கடை அவருடையது. அவருக்கு வாய் தவறி அவள் பார்த்ததில்லை.

இதிஸ்ரீக்கு வந்தது சிவப்பு மட்டும்தான்.

புருஷன் ஆயுளுக்காகப் பெண்கள் பட்டினி கிடக்கும் சாவித்திரி அமாவாசைக்கு ஒரு பெண்ணுக்குப் புடவை இரண்டு இடத்திலிருந்துதான் வரும். கட்டியவன் எடுத்துத் தருவான். பிறந்த வீட்டிலிருந்து அண்ணனோ தம்பியோ பழக்கூடையோடு கொண்டுவருவான். வேறு எந்த ஆணும் அந்த நாளுக்கென்று ஒரு பெண்ணுக்குப் புடவை எடுப்பதில்லை. அவள் புருஷன் தேபப்ரத், கேந்திராபாடா பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரின் ஒரே பிள்ளை. கூடப் பிறந்தவள் யாரும் இல்லை.

கடையை விட்டு வெளியே வரும்போதே அவள் மனதில் ஒரு பெயர் உட்கார்ந்துவிட்டது. தன்மயீ.

கல்லூரி நாடகத்தில் ஆரம்பித்த ஆள் தேபப்ரத். கூடப் படித்தவர்கள் வங்கித் தேர்வுக்குத் தயாரானபோது அவன் கட்டாக் வந்து படக் கம்பெனி வாசல்களில் நின்றான். முதல் படத்தில் முகம் மட்டும் அவனுடையது. பேச்சில் கேந்திராபாடா வாடை அடிக்கிறது என்று குரலை வேறு ஒருவர் கொடுத்தார். பிறகு வில்லனின் அடியாளாகப் படத்துக்குப் படம் அடி வாங்கினான். அந்தக் காலத்தில்தான் இதிஸ்ரீ அவனைக் கட்டிக்கொண்டாள். "அடி வாங்கிப் பிழைக்கிறவனுக்கா பொண்ணு கொடுப்பேன்?" என்று அண்ணன் ரமாகாந்த் கல்யாணத்துக்கே முகம் கொடுக்கவில்லை.

பிறகு ஒரு ரஜப் பண்டிகைக்கு, தன்மயீ என்ற புதுப்பெண்ணோடு அவன் நாயகனாக நடித்த படம் வந்தது. ஊஞ்சல் கட்டி ஆட வேண்டிய பெண்களெல்லாம் டிராக்டர் பிடித்துத் தியேட்டருக்கு வந்தார்கள். அதற்கப்புறம் கதை எதுவானாலும் ஜோடி அதுதான். நடுவில் ஆசைப்பட்டு, தன்மயீ இல்லாமல் கண் தெரியாத குயவனாக ஒரு படம் நடித்தான். மாநில விருது கிடைத்தது, கூட்டம் வரவில்லை. ஜாத்ரா நாடகக் குழு முதலாளிகூட, "ஜோடியா வந்தா மேடை தர்றேன், தனியா வந்தா டீ தர்றேன்" என்றார். முகம் கொடுக்காத ரமாகாந்த் இப்போது பிரம்மபூரில் விநியோகஸ்தர். இந்த ரஜவுக்கு வரும் படத்தைத் தெற்கு மாவட்டங்கள் முழுக்க அவன்தான் வாங்கியிருந்தான்.

அவர்கள் இருவரையும் பற்றிப் பத்திரிகைகளில் வராத கிசுகிசு இல்லை. இதிஸ்ரீ அதையெல்லாம் படித்துவிட்டு, மகள் மிட்டியின் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுவிடுவாள். ஆனால் நீலப் புடவை பத்திரிகையில் வந்த சேதி இல்லை.

அன்று சாயங்காலம் தேபப்ரத் கண்ணாடி முன் நின்று நரைமுடி பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்குக் காலையில மட்டும்தான் ஷூட்டிங். மதியம் வந்துடுவேன். பட்டினியா இருப்பே, காக்க வைக்க மாட்டேன்" என்றான்.

"சாஹு கடைக்குப் போனேன்."

அவன் கை ஒரு கணம் நின்றது. நின்றதா, முடி கிடைக்கவில்லையா?

"வளையல் வாங்கினியா?"

"வாங்கினேன். இந்த வருஷம் நீலம்தான் நல்லாப் போகுதாம்."

"உனக்குச் சிவப்புதான் எடுக்கும்" என்றான் அவன், வெகு இயல்பாக.

படத்தில் பெண்டாட்டியிடம் பொய் சொல்லும் காட்சி வந்தால் அவன் காதோரம் சொறிவான். இப்போது சொறியவில்லை. சொறியாமல் இருப்பதும் நடிப்பாக இருக்கலாம். பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தும், இந்த மனிதன் எப்போது நடிக்கிறான் என்று அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

படுக்கும்போது முடிவு செய்துவிட்டாள். அந்த நீலம் தன்மயீ உடம்பில் இருந்தால், நாளைக்குப் பூஜையில் உட்காரப் போவதில்லை. வழக்கமாக முந்தின நாளே வரும் அண்ணன், ரஜ வேலை காரணமாக இந்த முறை சாவித்திரி அன்று மதியம்தான் வருகிறான். மிட்டியைக் கூட்டிக்கொண்டு அவனோடு பிரம்மபூருக்குப் போய்விடுவாள். திரும்பி வரமாட்டாள்.

காலையில் தேபப்ரத்தைப் படப்பிடிப்பில் விட்டுவிட்டு டிரைவர் பகபான் திரும்பி வந்தான். இதிஸ்ரீ தலைக்குக் குளித்து, பழைய பருத்திப் புடவையில் வாசலில் நின்றாள்.

"வண்டியை எடு."

"எங்கே அண்ணி?"

"நீலப் புடவை எங்கே போச்சோ, அங்கே."

பகபான் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தான். "சத்தியமா நான் ஒண்ணும் பார்க்கல அண்ணி."

"பார்க்காமலேயா அவ்வளவு தூரம் ஓட்டிட்டுப் போனே?"

"நான் புள்ளகுட்டிக்காரன்."

"நானும்தான்."

அவன் வண்டியைக் கிளப்பினான். காட்டஜோடி பாலம் தாண்டியதும் ரஜப் படத்தின் விளம்பரப் பலகை வந்தது. தேபப்ரத்தும் தன்மயீயும் நெற்றியோடு நெற்றி வைத்து நின்றார்கள். பகபான் அந்த இடத்தில் மட்டும் வேகமாக ஓட்டினான். புவனேஸ்வரில் தன்மயீயின் வீடு எதுவென்று ஊருக்கே தெரியும். வண்டி அங்கே போகவில்லை. கண்டகிரிப் பக்கம் ஒரு சந்தில், மாமரத்துக்குப் பின்னால் இருந்த சின்ன வீட்டின் முன் நின்றது. தெரிந்த வீடாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இதிஸ்ரீக்குத் தோன்றியது. ஒளித்து வைத்த வீடு என்றால் அர்த்தம் வேறு.

கதவைத் திறந்தது தன்மயீ. நீலப் புடவை. கை நிறையக் கண்ணாடி வளையல். வகிட்டில் பட்டையாகக் குங்குமம்.

"அண்ணி…"

அவள் எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள். படக்காரர்களுக்கு எல்லாரும் அண்ணன் அண்ணிதான். அந்த வார்த்தைக்கு இதிஸ்ரீ என்றைக்குமே மதிப்புக் கொடுத்ததில்லை.

"யாருக்காகடி பட்டினி கிடக்கறே?" என்றாள் இதிஸ்ரீ.

தன்மயீ பதில் சொல்லுமுன் உள்ளேயிருந்து ஒரு ஆள் வந்தான். பனியன், முழங்கை வரை எண்ணெய், விரலெல்லாம் பலாப்பழப் பிசின். ஒலிப்பதிவாளர் சுதாம்சு. படப்பிடிப்பில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லி எல்லாரிடமும் திட்டு வாங்குகிறவன்.

"கதவைச் சாத்திட்டுப் பேசுங்க. பக்கத்து வீட்டுக்காரம்மாவுக்குக் காது ரொம்பக் கூர்மை" என்றான் அவன். "இவ பட்டினி கிடக்கறது எனக்குத்தான் அண்ணி. மாசியில கல்யாணம் ஆச்சு. அவ பட்டினி, பலா உரிக்கிறது நான்."

மூலையில் குழவிக்கல்லைச் சாவித்திரியாக வைத்து, மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, மாம்பழம், வாழைப்பழம், நுங்கு எல்லாம் பரப்பியிருந்தார்கள். இதிஸ்ரீ அதையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். யாராவது சொல்லிக்கொடுத்து நிறுத்தியிருந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

"ரெண்டு பேரும் சினிமாக்காரங்க. நான் எதை நம்பறது?"

"அப்பா என் பேரையே வீட்டுல எடுக்கக்கூடாதுன்னுட்டார்" என்றாள் தன்மயீ மெதுவாக. "கல்யாணத்துக்கு எங்க பக்கம் ஒரு ஆள் இல்ல. தேபு அண்ணாதான் வந்து நின்னார். முதல் சாவித்திரிக்குப் பிறந்த வீட்டுப் புடவை இல்லாம உட்காரக் கூடாதுன்னு இதையும் அவரே எடுத்து அனுப்பினார்."

"வந்து நின்னாரா?" என்றான் சுதாம்சு. "குத்தினார் அண்ணி. ரெண்டு பேர் கையையும் சேர்த்து முடிச்சுப் போட்டதும், வழக்கப்படி பொண்ணோட அண்ணன் மாப்பிள்ளை முதுகுல குத்தணும்ல? ஐயர் ஒரு பேச்சுக்குத் தொட்டாப் போதும்னார். இந்த மனுஷன் இத்தனை படத்துல வாங்கினதையெல்லாம் எனக்குன்னு சேர்த்து வச்சிருந்தார். ரெண்டு நாள் குப்புறத்தான் படுத்தேன்."

"அவருக்கு அதுவும் நடிப்புதான்."

"நான் சவுண்டு ஆள் அண்ணி. படத்துல குத்துற சத்தமெல்லாம் நான் போடுறதுதான், ஈரச் சாக்கை அடிச்சு. இது அந்தச் சத்தம் இல்ல." அவன் பிசின் கையால் முதுகைத் தொடப்போய், எட்டாமல் விட்டான். "தங்கச்சியைக் கட்டிக் கொடுக்கிறவன்தான் அப்படிக் குத்துவான். அவளை வேற மாதிரி நினைக்கிறவனுக்குக் கை அவ்வளவு சந்தோஷமா வராது."

இதிஸ்ரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்கவும் முடியவில்லை. தன்மயீ தண்ணீர் கொண்டுவரப் போய், இன்றைக்கு இருவருக்கும் ஆகாதே என்று பாதியில் திரும்பி வந்தாள்.

"வெளியே தெரிஞ்சா ரஜப் படம் படுத்துடும் அண்ணி. நாங்க ஜோடின்னு நினைச்சுத்தான் ஜனம் வருது. கல்யாணமான கதாநாயகி, அதுவும் நாயகனே அண்ணனா நின்னு கட்டிக்கொடுத்தவன்னு தெரிஞ்சா, அந்தப் பலகையை எவன் பார்ப்பான்?"

வீடு திரும்பியபோது தேபப்ரத் அவளுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். பகபான் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"உங்க அண்ணன்தான் படத்தை வாங்கியிருக்கார். அவர்கிட்ட நீ எதையும் மறைச்சு நான் பார்த்ததே இல்ல."

"என்கிட்ட நீங்க மறைச்சா, நான் என்ன நினைப்பேன்னு தோணலையா?"

"தோணிச்சு" என்றான் அவன். "நீ கேட்பேன்னு நினைச்சேன். நேத்து நீ கேட்கவே இல்ல. நீலம் நல்லாப் போகுதுன்னே" என்றான்.

அவள் சிவப்புப் புடவை கட்டிக்கொண்டு பூஜையில் உட்கார்ந்தாள். சாவித்திரி கதையைப் படித்து முடித்து அவன் பாதம் தொட்டபோதும் முகத்தைப் பார்க்கவில்லை. கோபம் அப்படியேதான் இருந்தது. அதற்காக மனிதனின் ஆயுளைக் குறைக்கவா முடியும்?

ரமாகாந்த் மாம்பழக் கூடையும் பிறந்த வீட்டுப் புடவையுமாக வந்து இறங்கினான். தேபப்ரத் குளிக்கப் போன நேரமாகப் பார்த்துத் தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இதி, ஒண்ணு கேட்கறேன், மறைக்காமச் சொல்லு. அந்தத் தன்மயீக்குக் கல்யாணம் ஆயிடுச்சுன்னு சத்ரபூர் தியேட்டர்காரன் சொல்றான். யாரோ பார்த்தானாம். நிஜமா? அப்படின்னா படம் வேண்டாங்கறான்."

இல்லை என்று மட்டும் சொன்னால் அண்ணன் நம்பமாட்டான். சின்ன வயதிலிருந்து அவள் கண்ணைப் பார்த்துப் பழகியவன். இதிஸ்ரீ ஒரு நுங்கை எடுத்துக் கையில் உருட்டினாள்.

"கல்யாணமா? அவளுக்கா?" என்றாள். "அவ ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போயிருந்தா நான் ஏன் அண்ணா இப்படி உட்கார்ந்திருக்கேன்? ராத்திரி முழுக்க நான் தூங்கல தெரியுமா? என் வீட்டுக்காரர் அவளுக்குப் புடவை எடுக்கறார். சாஹு கடையில கேட்டுப் பாரு, வேணும்னா."

ரமாகாந்தின் முகம் தெளிந்தது. அவள் அதைப் பார்த்தாள். தங்கையின் தலையை ஒருமுறை தடவினான்.

"பொறுத்துக்கோ இதி. தொழில்ல இதெல்லாம் இருக்கும். ரஜ வரைக்கும் எதையும் பெரிசு பண்ணாதே."

கூடத்துக்குப் போய் போனை எடுத்தான். "அட, அதெல்லாம் வதந்திய்யா. இங்க என் தங்கச்சியே அதை நினைச்சு அழுதுகிட்டு உட்கார்ந்திருக்கா. நீ போஸ்டரை ஒட்டு" என்று அவன் உற்சாகமாகச் சொல்வது உள்ளே கேட்டது.

தலை துவட்டாமல் வந்த தேபப்ரத் எல்லாவற்றையும் கேட்டபடி வாசற்படியில் நின்றான். அதுவரை அழாத இதிஸ்ரீக்கு அப்போதுதான் கண் நிறைந்து வழிந்தது. அவன் பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து துடைக்கக் கையை நீட்டினான்.

"விடுங்க" என்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "அண்ணன் வந்து பார்க்கட்டும்."