சும்மா கிடப்பதன் அளவு

1.

இது கதையாகத் தொடங்கவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரு சஞ்சிகைக்காரர் உடல்நலப் பக்கத்துக்குக் கட்டுரை கேட்டார். மனித உடம்பு ஒன்றும் செய்யாமல் சும்மா கிடக்கும்போதும் எவ்வளவு எரிக்கிறது, அதை எப்படி அளப்பது என்று இரண்டு பக்கம். எனக்குத் தெரிந்த விஷயம்தான், உட்கார்ந்தேன். "பன்னிரண்டு மணித்தியாலம் உண்ணாமலிருந்து, அரை மணித்தியாலம் அசையாமல் படுத்திருக்கும் ஒருவரின் மூச்சை" என்று எழுதியதும், அந்த ஒருவர் கட்டிலைவிட்டு எழும்பி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நின்றுவிட்டார். வசனம் அப்படியே பாதியில் கிடக்கிறது.

எழும்பியவரின் பெயர் சறோஜினிதேவி. ஊர் நயினாதீவு, வயது நாற்பத்தொன்று, வருடம் 1984. கட்டுரை கைவிட்டுப் போய்விட்டது. இனி இவரை வைத்துத்தான் பிழைக்கவேண்டும்.

2.

முதல் தொடக்கம்: "கடலின் மேல் மெல்ல விடிந்துகொண்டிருந்த"

(வேண்டாம். தீவு என்றதும் கடலும் விடியலும் கேளாமலே வந்து குந்திக்கொள்கின்றன. சறோஜினிதேவி மருத்துவமனைக்குப் போன அந்தப் பயணத்தில் கடலைப் பார்க்கவே இல்லை. வள்ளத்தில் ஏறியதும் நித்திரையானவர், குறிகட்டுவான் துறையில்தான் கண் விழித்தார்.)

இரண்டாம் தொடக்கம்: "சறோஜினிதேவி ஒரு சோம்பேறி."

இது பரவாயில்லை. நாலு வருடமாக அந்த வீட்டில் எல்லோரும் சொல்லிவந்த வசனம் இது. காயப்போட்ட பனங்கிழங்கு ஒடியலுக்குக் காவல் இருந்தபோது, ஆடு வந்து பாதியைத் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்து தூங்கினார். சித்திரை வெயிலில் போர்த்துக்கொண்டு திரிந்தார். ஒரு சட்டி கழுவ ஒரு பொழுது எடுத்தது. சாப்பாடோ கோழி கொறிப்பதுபோல, உடம்போ ஊதிக்கொண்டு போனது. "வேலை செய்தாத்தானே உடம்பு இறங்கும்?" என்றார் மச்சாள், கணவரின் அக்கா. நாளடைவில் சறோஜினிதேவியும் அதை நம்பிவிட்டார். தன் பிறவியில் ஏதோ கோளாறு, மற்றப் பெண்களிடம் உள்ள ஒரு நல்ல குணம் தன்னிடம் இல்லை என்று நினைத்தார். இந்தக் கதையில் எனக்குத் தாங்க முடியாத இடம் இதுதான், அதனால் வேகமாகக் கடக்கிறேன்.

கணவர் பரராசசிங்கம் தெற்கில் ஒரு பட்டினத்தில் கடை வைத்திருந்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கடை போய்விட, உயிரோடு ஊர் வந்து சேர்ந்தார். வருடத்துக்கு இரண்டு தரம் மட்டும் மனைவியைப் பார்த்தவர் என்பதால், தினமும் பார்த்தவர்களுக்குத் தெரியாதது அவர் கண்ணில் பட்டது. "இவவின்ரை முகம் முந்தி இப்பிடி இருக்கேல்லை. டொக்டரிட்டைக் காட்டுவம்."

"சோம்பலுக்கு டொக்டர் என்ன மருந்து குடுப்பார்?" என்றார் அக்கா. "சரி, நானே கூட்டிக்கொண்டு போறன். ஒண்டும் இல்லையெண்டு வந்தால், இவ தாய் வீட்டிலை போய் இருக்கட்டும். எனக்கும் ஏலாது."

பரராசசிங்கம் மறுத்துப் பேசவில்லை. இருந்த வீடே அக்காவுடையது. சறோஜினிதேவி தன் சேலைகளில் நல்ல இரண்டை மட்டும் பையில் வைத்தார். மிச்சத்தைப் பிறகு அனுப்புவார்கள் என்று நினைத்திருப்பார் போலும்.

3.

அந்த அக்காவின், அதாவது மச்சாளின், பெயர் இலட்சுமிப்பிள்ளை. இவரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. முதற் படியில் நன்றாகக் கறுப்புப் பூசி வைத்திருந்தேன். வாசகருக்கு ஏச ஓர் ஆள் வேண்டுமல்லவா? ஆனால் கணக்கு உதைத்தது. சறோஜினிதேவி நாலு வருடம் வேலை செய்யவில்லை என்றால், அந்த வேலையை யார் செய்தது?

வீட்டுக் கிணறு உவர். நல்ல தண்ணீருக்கு அரை மைல் நடக்கவேண்டும். ஐம்பத்தாறு வயதில், காலையும் மாலையும் இரண்டு குடம் சுமந்தவர் இலட்சுமிப்பிள்ளை. குசினியும் அவர்தான், மாடும் அவர்தான். ஏசினார், ஏசிக்கொண்டே சமைத்தார், சமைத்ததை முதலில் சறோஜினிதேவிக்குத்தான் போட்டார். கறுப்பை அழித்துவிட்டேன். அழித்த இடம் கொஞ்சம் அழுக்காகத்தான் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

4.

மருத்துவமனையின் பெயர் சொல்லமாட்டேன். வடக்குப் பட்டினம் ஒன்றில் இருந்தது, அது போதும். டொக்டர் கனகசபை கழுத்தைத் தடவிப் பார்த்தார், முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கழுத்துச் சுரப்பி மந்தமாகிவிட்டது என்று அவருக்குச் சந்தேகம். உறுதிப்படுத்தக் கொழும்புக்கு இரத்தம் அனுப்பவேண்டும். மறுமொழி வருமா வராதா என்று யாரும் சொல்ல முடியாத வருடம் அது. "பழைய மிசின் ஒண்டு கிடக்கு. அதை எடுங்கோ," என்றார்.

மிசின் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்து மிதக்கவிட்ட ஒரு தகர மூடி. அதற்குள் ஒட்சிசன். நோயாளி மூக்கில் கவ்வி மாட்டி, வாயில் குழாய் வைத்து, அந்த ஒட்சிசனை ஆறு நிமிடம் மூச்செடுக்கவேண்டும். எடுக்க எடுக்க மூடி தாழும். மூடியோடு கட்டிய பேனை, சுற்றும் கடதாசியில் கோடு கீறும். உடம்பு சும்மா கிடக்கையில் எவ்வளவு எரிக்கிறது என்று அந்தக் கோட்டின் சரிவு சொல்லும். ஒரே நிபந்தனை, அசையக்கூடாது. அசைந்தால் திரும்ப அரை மணித்தியாலம் படுக்கவேண்டும்.

முதல்நாள் பின்னேரமே வந்து வாட்டில் தங்கி, வெறும் வயிற்றோடு காலையில் படுத்தார் சறோஜினிதேவி. மிசினுக்குப் பொறுப்பாக இருந்தவர் தியாகலிங்கம் என்ற இளைஞர். இரண்டாம் நிமிடம், கோடு நேராகப் போகிறதா என்று பார்க்க டொக்டர் உள்ளே வந்தார். சறோஜினிதேவி குழாயைத் துப்பிவிட்டு எழும்பி நின்றார். பெரிய மனிசர் வரும்போது படுத்துக் கிடப்பதா? பேனை கடதாசியின் அடிக்குப் பாய்ந்தது.

திரும்ப அரை மணித்தியாலம். இந்த முறை, வேறு அலுவலாய் அங்கே வந்திருந்த ஊர்ப் பள்ளிக்கூட மாஸ்டர் வைத்திலிங்கம், நயினாதீவார் ஆரோ வந்திருக்கினம் என்று கேள்விப்பட்டு விசாரிக்க எட்டிப் பார்த்தார். சறோஜினிதேவி மூக்கில் கவ்வியோடே எழும்பிக் கும்பிட்டார்.

"படுத்துக் கிடக்கிறதுக்கும் ஆரும் சொல்லித் தரவேணுமோ?" என்று தியாகலிங்கம் சீறினார்.*

[* தியாகலிங்கம் என்று ஒருவர் இல்லை. அது நான். முதற் படியில் அவரை மிகவும் பொறுமையான ஆளாக எழுதி, ஓர் அழகான பெயரும் வைத்து, தப்பிவிடலாம் என்று பார்த்தேன். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. ஆள் வந்தால் எழும்பும் சறோஜினிதேவி எனக்கு மட்டும் எழும்பவில்லை. நான் முன்னமே அறைக்குள் இருந்தேன், எழும்பி மரியாதை செய்யும் அளவுக்கு வயதும் காணாது. அந்தக் கோபமும் கொஞ்சம் இருந்திருக்கலாம்.]

மூன்றாம் முறை கோடு நாலு நிமிடம் ஒழுங்காகப் போனது. கதவு சிணுங்கியது. இலட்சுமிப்பிள்ளை தலையை நீட்டி, "முடிஞ்சுதோ?" என்றார்.

ஒரு சட்டிக்கு ஒரு பொழுது எடுக்கும் அந்தப் பெண் எழும்பிய வேகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. தொட்டித் தண்ணீர் நிலமெல்லாம் சிந்தியது. "வாறன் மச்சாள், இந்தா எழும்பிட்டன்," என்றார், மூச்சு வாங்கிக்கொண்டு.

5.

அடுத்ததாக, இந்தக் கதையில் நான் கைகூப்ப வேண்டிய ஆள் வருகிறார். அந்தோனியம்மா, மண்டைதீவைச் சேர்ந்த மீன்பிடிக் குடும்பத்துப் பெண், மருத்துவமனையில் துப்புரவு வேலை. நிலத்துத் தண்ணீரைத் துடைக்க வந்தவர் துடைத்து முடித்து நிமிர்ந்தார். இலட்சுமிப்பிள்ளையைப் பார்த்தார், சறோஜினிதேவியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவே இல்லை.

"அக்கா, இவ உங்களுக்கு என்ன முறை?"

"தம்பி பெண்சாதி."

"ஆர் வந்தாலும் இவ எழும்பிப்போடுவா. உங்களுக்கு எல்லாரையும்விடக் கெதியா எழும்புவா. நீங்கள் வெளியிலை வாசலுக்குக் குறுக்கை கதிரையைப் போட்டு இருங்கோ. ஒருத்தரையும் விடாதையுங்கோ. நீங்களும் வராதையுங்கோ."

இலட்சுமிப்பிள்ளைக்கு ஒரு வேலை கொடுத்தால் அது நடக்கும். கதிரை வந்தது. கையில் குடை. திரும்பவும் அரை மணித்தியாலம், பிறகு கவ்வி, குழாய், பேனை. மூன்றாம் நிமிடம் வெளியே டொக்டரின் குரல் கேட்டது. சறோஜினிதேவியின் கால்விரல்கள் அசைந்தன. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ளுக்குப் போகேலாது," என்றது மச்சாளின் குரல்.

"அம்மா, நான் டொக்டர்."

"ஆராயிருந்தாலும் நில்லுங்கோ. என்ரை தம்பி பெண்சாதி படுத்திருக்கிறா."

நாலு வருடத்தில் "படுத்திருக்கிறா" என்ற சொல்லை அவர் இப்படிச் சொன்னது அதுவே முதல் தரம் என்று பிறகு அறிந்தேன். கட்டிலில் கிடந்தவரின் கண்ணோரம் ஈரமானது. அசையவில்லை. கோடு ஒரு பிசகும் இல்லாமல், மெல்லச் சரிந்து, ஆறாம் நிமிடத்தைத் தொட்டது. வாசலில் அந்தப் பெரிய டொக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கும் நன்றி. தகர மூடிக்கும் நன்றி.

6.

கணக்கைப் பார்த்தேன். பிழை என்று நினைத்துத் திரும்பப் பார்த்தேன். இருக்கவேண்டிய அளவைவிட நூற்றுக்கு இருபத்தெட்டு வீதம் குறைவு.

முடிவு ஒன்று: மச்சாளும் மச்சாளும் கட்டிப்பிடித்து அழுதார்கள். (அந்த வீட்டில் அப்படிப் பழக்கம் இல்லை.)

முடிவு இரண்டு: "உங்கடை மிசின் பொய்," என்று இலட்சுமிப்பிள்ளை குடையைத் தட்டிவிட்டு (இல்லை. வாசலில் இருந்து காவல் காத்தவர் அப்படிச் சொல்லமாட்டார்.)

நடந்ததைச் சொல்கிறேன். டொக்டர் கனகசபை இருவரையும் வைத்துக்கொண்டு விளங்கப்படுத்தினார். இது வருத்தம், ஒரு நோய். உடம்பின் அடுப்பு முக்கால் பங்குதான் எரிகிறது. குளிர், தூக்கம், வீக்கம் எல்லாம் அதனால்தான். நாளுக்கு ஒரு சின்னக் குளிசை, ஆயுளுக்கும் போடவேண்டும், சுகமாக இருப்பா. "இந்த உடம்போடை இவ நடந்து திரிஞ்சதே பெரிய காரியம்."

தாய் வீடு பற்றி யாரும் பேசவில்லை. இலட்சுமிப்பிள்ளை கொஞ்ச நேரம் கடதாசியில் இருந்த கோட்டையே பார்த்தார்.

"அப்ப, நாலு வரியமா நான் ஏசினது, டொக்டர்?"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுமொழி கட்டிலில் இருந்து வந்தது.

"நீங்கள் ஏசினபடியாத்தான் மச்சாள் நான் எழும்பித் திரிஞ்சனான்."

சொல் இதுதான், ஓர் எழுத்தும் நான் மாற்றவில்லை. எப்படிச் சொன்னார் என்பதை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. இந்த வருத்தத்தில் குரல் தடித்துவிடும். ஏற்றமும் இறக்கமும் போய்விடும். பகிடியும் முறைப்பாடும் ஒரே மாதிரிக் கேட்கும். "என்றார் நன்றியோடு" என்று எழுதி வெட்டினேன். "என்றார் குத்தலாக" என்று எழுதி அதையும் வெட்டினேன். எனக்கு அது நன்றியாகத்தான் கேட்டது. ஆனால் நானும் அன்று அவரை ஏசியவன். ஏசியவர்களுக்கு அப்படித்தான் கேட்கும்.

குளிசை தொடங்கி ஆறேழு மாதத்தில் அவருடைய குரல் திரும்பி வந்திருக்கும். அந்த வசனத்தை இன்னொரு தரம் சொல்லிக் காட்டுங்கோ என்று கேட்க நான் நயினாதீவில் இருக்கவில்லை. ஆகவே நீங்கள்தான் சொல்லிப் பார்க்கவேண்டும். மனதுக்குள் அல்ல, வாய்விட்டு, உங்கள் வீட்டில் உங்களை ஏசி ஏசிச் சோறு போட்டவரின் முகத்தைப் பார்த்து. உங்கள் வாயில் அது எப்படி வருகிறதோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்.