சம்மந்திக்குப் பின்னிய பிடிசீலை

சனூஸாவுக்கு உலகத்தில் முக்கால்வாசி அருவருப்பு. அடுத்த வீட்டுத் தண்ணீர்க் கோப்பை அருவருப்பு, பஸ்ஸில் பிடிக்கிற கம்பி அருவருப்பு, பிள்ளையின் மூக்கைச் சிந்திவிட்டு அதே கையால் பாண் வெட்டுகிறவர்களை நினைத்தாலே குமட்டும். துறைமுகப் பக்கமிருந்து மாலையில் மீன்வாடை வந்தால் அவள் குசினி ஜன்னலை அறைந்து சாத்துவது தெருமுனை வரைக்கும் கேட்கும். அவள் கணவர் அப்துல் மஜீத் படகுகளுக்கு ஐஸ் விற்கிறவர். வீட்டுக்குள் காலடி வைக்குமுன் வெளிக்குழாயில் முழங்கால் வரை கழுவியாக வேண்டும். கலியாணமான நாளிலிருந்து பாவம் மனுஷன் கழுவிக்கொண்டுதான் இருக்கிறார்.

ஆனால் எல்லாவற்றிலும் கேடுகெட்டது பிடிசீலை. அடுப்பிலிருந்து சட்டி இறக்க எல்லாக் குசினியிலும் ஒரு துணி கிடக்குமே, அதுதான். ஆண்கள் இடுப்பில் கட்டிக் கிழிந்த சாரத்தின் ஒரு துண்டு. அதால்தான் சட்டி பிடிப்பார்கள், அதால்தான் மேசை துடைப்பார்கள், பால் பொங்கினால் அதால்தான் ஒற்றுவார்கள், பிறகு பிழியாமல் கொள்ளாமல் அடுப்பு மூலையில் எறிவார்கள். எண்ணெயும் கரியும் ஏறி ஏறி அது விறைத்துப் போயிருக்கும். அதைத் தொட்ட கை சோறு போடும். சனூஸா எத்தனையோ வீடுகளில் சாப்பிடாமல் எழுந்து வந்ததற்குக் காரணம் இந்தச் சீலைதான்.

அதற்கு மருந்தாகத்தான் யூடியூப் பார்த்துக் குரோசேப் பின்னல் பழகினாள். கம்பளி என்று விற்கிற நைலோன் நூல் சூட்டில் உருகும் என்று, தடித்த பருத்தி நூல்தான் வாங்குவாள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று பின்னி, இரண்டையும் சேர்த்து ஓரம் கட்டி, மாட்டி வைக்க மூலையில் ஒரு வளையம் போடுவாள். கொதிக்கிற சட்டியைப் பிடித்தாலும் கை சுடாது. மஞ்சள், கிளிப்பச்சை, ரோஸ், நீலம் என்று வரிக்கு வரி நிறம் மாற்றுவாள். அழுக்குப் பட்டால் அது கண்ணில் குத்த வேண்டும், குத்தினால்தான் கழுவுவார்கள் என்பது அவள் எண்ணம். எந்த வீட்டில் சாப்பிட நேருமோ அந்த வீட்டுக்கு முன்கூட்டியே ஒரு சோடி போய்விடும். வாங்கியவர்கள் அன்பளிப்பு என்று மகிழ்ந்தார்கள். அவள் கொடுத்ததென்னவோ தன் வயிற்றுக்காக.

இந்த அருவருப்பு ஏற்கெனவே ஒரு சம்பந்தத்தைக் கெடுத்திருந்தது. மகள் அப்ராவுக்கு மூதூரிலிருந்து வந்த இடம். கோப்பை விளிம்பில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று அந்த வீட்டுத் தேநீரைச் சனூஸா தொடவேயில்லை. உங்கள் பெருமைக்கு எங்கள் வீடு காணாது என்று மறுநாளே சொல்லியனுப்பிவிட்டார்கள். அந்த மாப்பிள்ளையை அப்ரா பெரிதாக நினைக்கவில்லை, அதனால் சனூஸா தப்பினாள். இப்போது வந்திருப்பது அப்படியல்ல. கிண்ணியாவைச் சேர்ந்த அர்ஷாக், துறைமுகத்தில் வேலை பார்க்கிறவன். அப்ராவுக்கு அவன் என்றால் உயிர்.

"உம்மா, இதையும் உங்கட மூக்கால கெடுத்தீங்க எண்டா, எனக்கு வேற மாப்பிள்ள பார்க்க வேணாம். நான் இப்பிடியே இருந்திருவன்" என்றாள் அப்ரா. சொன்னால் செய்கிறவள். பெற்றவளுக்குத் தெரியாதா?

கிண்ணியாவுக்கு முதல் தடவை போனபோது அர்ஷாக்கின் தாய் பஹ்மியா வாசலுக்கே ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். நல்ல மனுஷி, வாய் நிறையக் கதை. கதைத்துக்கொண்டே குசினிக்குள் கூட்டிப் போனாள். அடுப்பு மூலையில் கிடந்தது அது. ஒரு காலத்தில் கட்டம் போட்ட சாரமாக இருந்திருக்கலாம். சனூஸா பார்த்துக்கொண்டு நிற்கும்போதே பஹ்மியா அதை எடுத்து இறால் சட்டியை இறக்கினாள், சிந்திய குழம்பை வழித்தாள், காலைக் கட்டிக்கொண்டு நின்ற பேத்தியின் மூக்கைத் துடைத்தாள், பிறகு அதையே சோற்றுப் பானையின் மூடியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக் கஞ்சி வடித்தாள்.

"சாப்பிடுவம், வாங்க" என்று பஹ்மியா கூப்பிட்டதும் சனூஸாவின் வாயில் வந்தது ஒன்றுதான்.

"ராத்தா, நான் இண்டைக்கு நோன்பு."

நல்ல வேளையாக அன்று வியாழக்கிழமை, சுன்னத்து நோன்பு பிடிக்கிற நாள், பொய் பொருந்திவிட்டது. ஆனால் பொய் நோன்பிலும் தண்ணீர் குடிக்க முடியாதே. அப்துல் மஜீத் மறுசோறு வாங்கி, இறால் தலையை உறிஞ்சி உறிஞ்சிச் சாப்பிட்டார். சனூஸா அவரையும் அருவருப்போடு பார்த்தாள். திரும்பி வரும்போது கிண்ணியாப் பாலம் தாண்டியதும் ஓட்டோவை நிறுத்தச் சொல்லி, ஒரு போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டாள்.

வீட்டுக்கு வந்த கையோடு நூலை எடுத்தாள். சம்மந்தி வீட்டுக்கு ஒரு சோடி எந்த மூலைக்கு? ஆறு பின்ன வேண்டும் என்று தீர்மானித்தாள். பஹ்மியா பெண் வீடு பார்க்க வந்த அன்று ஐந்து முடிந்திருந்தன. ஆறாவதைச் சனூஸா அவள் முன்னாலேயே கதிரையில் இருந்து, கதை கேட்டபடி, தொங்குகிற நூல் நுனிகளை ஒவ்வொன்றாக ஊசியில் கோத்து உள்ளே செருகி முடித்தாள். பஹ்மியா கண்ணெடுக்காமல் பார்த்தாள். ரசிக்கிறாள் என்று சனூஸா நினைத்தாள்.

"சட்டி இறக்கத்தான் ராத்தா. பழுதாப் போகும் எண்டு பார்க்காதீங்க, நான் இன்னும் பின்னித் தாறன்" என்று ஆறையும் கொடுத்தாள்.

"மாஷா அல்லாஹ், என்ன வடிவு" என்று பஹ்மியா அவற்றைப் பைக்குள் வைத்தாள்.

நாள் குறிக்கிற விருந்து வெள்ளிக்கிழமை வந்தது. இந்தத் தடவை நோன்பென்று சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள். போதாக்குறைக்கு அர்ஷாக் வீட்டில் ஒரு வழக்கம்: இரண்டு தாய்மாரும் ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டால்தான் ஆண்கள் நாள் பேசுவார்கள். பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, சுற்றியிருந்து எல்லாரும் அதிலேயே கை வைப்பதுதான் சஹன். சொந்தக்காரர் கலியாணத்தில்கூடச் சனூஸா ஏதாவது சாக்குச் சொல்லித் தனித் தட்டில் வாங்கிக்கொள்கிறவள். சமைத்த சட்டியாவது சுத்தமாக இருக்கும், ஆறு பிடிசீலை கொடுத்திருக்கிறோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டு போனாள்.

ஆறும் இருந்தன. முன்அறையில், ஷோகேஸுக்கு மேலே, சுவரில் வரிசையாக ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். ஒரு பொட்டு அழுக்கில்லை.

சனூஸா விறுவிறென்று குசினிக்குப் போனாள். பஹ்மியா அதே சாரத் துண்டால் இறைச்சிச் சட்டியைப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தாள். சீலையின் ஒரு நுனி குழம்புக்குள் தோய்ந்தது. குழம்பு வீணாகிவிடும் என்றோ என்னவோ, அந்த நுனியைச் சட்டிக்குள்ளேயே பிழிந்தாள்.

"ராத்தா! அந்தச் சீலையக் கொண்டுபோய் எறியுங்க!" சனூஸா கத்திவிட்டாள். "பார்க்கேக்க வயித்தப் புரட்டுது. மனிசர் சாப்பிடுற சாப்பாடா இது? நான் ஆறு பின்னித் தந்தனான்தானே!"

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. மூதூரில் தேநீரைத் தொடாமல் இருந்ததுடன் போயிற்று, இங்கே வாயாலேயே சொல்லிவிட்டாள். இனி அப்ராவின் முகத்தில் எப்படி விழிப்பது?

பஹ்மியா கோபப்படவில்லை. போய்க் குசினிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான் ஒண்டு சொல்லுவன், நீங்க குறை நினைக்கப்படாது. உங்கட பிடிசீலையால என்ட சட்டியத் தொட எனக்கு மனம் வரல்ல."

"ஏன்?"

"அண்டைக்கு உங்கட வீட்ட நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தனான். ஒவ்வொரு நூலையும் வாய்க்குள்ள விட்டு, நாக்கால நனைச்சுக் கூராக்கித்தானே ஊசியில கோத்தீங்க. மிச்சத்தப் பல்லால கடிச்சு அறுத்தீங்க. எத்தின நிறம், எத்தின நுனி! முழுக்க எச்சில். நான் வீட்ட வந்து குமட்டிச் சத்தி எடுத்தனான். என்ட சீலையில கரி இரிக்கி, குழம்பு இரிக்கி. ஒருத்தர்ர எச்சில் இல்ல."

"அப்ப பேத்திட மூக்கத் துடைச்சது?"

"அது என்ட பேத்தி" என்றாள் பஹ்மியா, அதற்கு மேல் பேச்சில்லை என்பதுபோல.

சனூஸாவின் கை தானாக வாய்க்குப் போனது. நூலின் அந்தப் பஞ்சு ருசி நாக்கிலேயே இருந்தது. நிறம் மாறுகிற இடமெல்லாம் நுனி, நுனியெல்லாம் வாய்க்குள் போய் வந்தது, ஒரு நாளாவது நினைத்துப் பார்த்தாளா? மச்சாள் வீட்டில் கொடுத்தது சுவரில் தொங்குகிறது. பக்கத்து வீட்டுக் கனகம்மா டீச்சர் தன்னுடையதைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். ஆசையாகப் பாதுகாக்கிறார்கள் என்றல்லவா பூரித்துப் போயிருந்தாள்! அவர்களும் கண்டிருப்பார்களோ? ஊரையெல்லாம் அருவருத்தவளுக்கு முதல் தடவையாகத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அது மற்ற எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது.

"இனிச் சஹன் வைக்கப் போறன்" என்றாள் பஹ்மியா. "உங்களோட ஒரே சோத்தில கை வைக்க எனக்கும் எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. எண்டாலும் வைப்பன். அவன் அந்தப் பிள்ளைய விரும்பிட்டான். நீங்க வைப்பீங்களா?"

சனூஸா ஆமென்று தலையை ஆட்டினாள்.

உள்ளறையில் பாய் விரித்து, பஹ்மியாவின் மகள் ஷிஃபானா சஹனைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். இரண்டு தாய்மாரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பிஸ்மில்லாஹ் சொன்ன பிறகும் பஹ்மியாவின் கை சோற்றுக்கு மேலே ஒரு கணம் தயங்கியது. சனூஸாவின் கையும் தயங்கியது. பஹ்மியாதான் முதலில் வைத்தாள். சனூஸா மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டாள். இறைச்சி நல்ல ருசி. அந்த ருசிதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

சஹனில் இருந்தால் இறைச்சியைப் பிய்த்து மற்றவர் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை. பஹ்மியா ஒரு நல்ல துண்டாகப் பார்த்துப் பிய்த்துத் தள்ளினாள். அவள் விரல் பட்ட இடத்தையே சனூஸா பார்த்தாள். அப்ராவை நினைத்துக்கொண்டு எடுத்துச் சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

இப்போது அவள் முறை. வாயில் போய் வந்த அதே விரல்களால் ஒரு துண்டைப் பிய்த்து, பஹ்மியாவின் பக்கம் மெதுவாகத் தள்ளினாள்.

பஹ்மியா அதைப் பார்த்தாள். எடுத்து வாயில் வைத்தாள், மெல்லாமல் விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியது, மேலுதட்டில் வியர்த்தது. அந்த விழுங்கலில் உள்ள பாடு ஒவ்வொன்றும் சனூஸாவுக்குத் தெரியும்.

"இன்னும் வைக்கட்டா, ராத்தா?" என்று அவள் கேட்டாள்.

"வைங்க" என்றாள் பஹ்மியா.

ஷிஃபானா கதவைத் திறந்து, உம்மாமார் சாப்பிடுகிறார்கள் என்று வெளியே சொன்னாள். முன்அறையில் ஆண்கள் நாள் பேசத் தொடங்கினார்கள்.