பதினைந்து நாள் படம்

செந்துறைக்கு அப்பால் இருக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கேமராப் பதிவுகள் என் பொறுப்பு. படம் பதினைந்து நாள்தான் தங்கும்; பிறகு பழையதன் மேல் புதியது தானாகப் பதிந்துவிடும். யாராவது எழுத்தில் கேட்டால் மட்டும் தனியே எடுத்து வைக்க வேண்டும். இதுதான் விதி. விதியை மதிக்கிற ஆள் என்று எனக்குப் பெரிய நினைப்பு வேறு.

எடைமேடை அருகே பின்னோக்கி வந்த லாரி, எங்கள் சுரங்கத் தொழிலாளி வீரமுத்துவை நசுக்கிக் கொன்றது. அந்தப் படத்தை மேனேஜரும் நானும்தான் பார்த்தோம். ஹெல்மெட்டோடு ஓரமாக, நேராக நடந்துகொண்டிருந்தார் மனிதர். மறுநாளே, குடித்துவிட்டு வண்டிக்குக் குறுக்கே விழுந்தார் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாதவர்.

மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்கப் போனேன். அவர் மனைவி மேகலா அழுதுகொண்டே கேட்டாள்.

"கேமராவுல எல்லாம் இருக்குமாமேண்ணே? குடிகாரன்னு ஊரே பேசுது. எம்புள்ளைங்க எப்படி வெளிய தலகாட்டும்?"

"மொதல்ல காரியம் முடியட்டும்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

துக்க வீட்டில் எல்லாரும் சொல்வதுதான். பதினாறாம் நாள் காரியம் முடியாமல் அவள் வாசற்படி தாண்ட மாட்டாள். மனு, கையெழுத்து என்று அந்த வீட்டில் யாரும் பேச்செடுக்கவும் மாட்டார்கள். பதினைந்து நாள் கணக்கு, பஸ்ஸில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. நேரே மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"லெட்டர் வந்துச்சா? வரலல்ல? நீயா எடுத்து வெச்சீன்னா உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

அவளுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். காரியத்துக்கு முன்னால் எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அந்தப் பயத்துக்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

பதினேழாம் நாள் முதல் பஸ்ஸில், யாரையோ வைத்து எழுதிய மனுவோடு வந்து நின்றாள். படம் அழிந்துவிட்டது என்றேன். கம்ப்யூட்டரை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"போனா போவட்டும்ணே. நீங்க பாத்திருப்பீங்கல்ல? அவரு நேராத்தான் நடந்தாருன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, போதும்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் தலை நிமிர்ந்தார்.

"நான் பாக்கலம்மா," என்றேன்.

"பாத்திருந்தா சொல்லாமயா இருப்பீங்க," என்றாள். "ஆபீஸ்லேருந்து எங்க வூட்டுக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

மனுவை மடித்து இடுப்பில் செருகினாள். என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.