மூன்று ஷவல் கங்கு

தகரப் பீப்பாயில் எழுந்த தீயின் ஓரம் பச்சையாக இருந்தது. முகம் கழுவிவிட்டு வந்த வெர்னெல் ஈரக்கையோடு நின்றுவிட்டாள். ஓக் விறகு ஒருநாளும் பச்சையாக எரியாது.

நேற்று சாயங்காலத்திலிருந்து அவள் உட்காரவில்லை. சர்ச் சபையின் ஆண்டு விருந்துக்கு இரண்டு முழுப் பன்றிகள் குழியின் கம்பிவலை மேல் வெந்துகொண்டிருந்தன. பீப்பாயில் விறகு எரிந்து விழும் கங்கை அள்ளி அள்ளி அடியில் பரப்ப வேண்டும். இருபது வருடம் பெண்களோடு முட்டைக்கோஸ் நறுக்கியவளுக்கு, ஆண்கள் மட்டுமே பிடித்த கங்கள்ளும் ஷவல் இந்த வருடம்தான் கைக்கு வந்தது. ஆண்கள் வேலியோரம் நாற்காலி போட்டு, கொழுப்பு எப்போது பற்றிக்கொள்ளும், அவள் எப்போது தோற்பாள் என்று காத்திருந்தார்கள்.

கம்பியால் கிளறினாள். பாதி எரிந்த பலகை ஒன்று வந்தது, முனையில் திருகாணியோடு.

"லின்வுட், என்னடா போட்ட இதுல?"

"விறகுதான்க்கா. வண்டியில கெடந்தத அப்படியே எறக்கிட்..." தம்பி வண்டியைத் திரும்பிப் பார்த்தான். நேற்று அவன் கூலிக்குப் பிரித்த பழைய மரத்தளத்தின் துண்டுகள் ஓக்குக்கு அடியில் கிடந்திருக்கின்றன. கரையான் ஏறாமலிருக்க தாமிரமும் ஆர்செனிக் விஷமும் ஏற்றிய பலகை; பச்சைத் தீ அந்தத் தாமிரத்தால்.

அந்தக் கங்கில் மூன்று ஷவல் அவளே அள்ளிப் போட்டிருந்தாள். ஒரு பன்றிக்கு அடியில் ஒன்று, மற்றதற்கு இரண்டு.

லின்வுட் கிட்டே வந்தான். "மூணே ஷவல்க்கா. சூட்டுல போயிரும். வாயத் தொறந்த, அடுத்த வருஷம் மறுபடி கோஸ் நறுக்கத்தான் விடுவானுங்க."

"அது சூட்டுல போவாதுடா. பொகையோட கறியில ஏறும்."

குழியைச் சுற்றினாள். தோல் பொன்னிறமாகப் பொரிந்து, வினிகரும் மிளகாயும் பளபளத்தன. இவ்வளவு பதமாக இந்தக் குழியில் எந்த ஆணும் இறக்கியதில்லை. அது அவளுக்குத் தெரியும். வேலியோரம் இருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. ஒரு மணி நேரமாக ஒருவனும் கிண்டல் செய்யவில்லை.

சபைப் பொறுப்பாளர் டீக்கன் ருஃபஸ் எழுந்து வந்தார். "ஏம்மா, ஒரு வெரலு தோலப் பிச்சுக் குடு. பசி உயிர் போவுது. நல்லாத்தான் பண்ணியிருக்க போலருக்கே."

இருபது வருடம் காத்திருந்த வார்த்தை. அவர் கை நீண்டது.

"தொடாதீங்கய்யா. மருந்துப் பலகை எரிஞ்சிருக்கு."

"பலகையா? எவன் போட்டான்?"

லின்வுட் பீப்பாய்க்குப் பின்னால் நகர்ந்தான்.

"ஷவல் என் கையிலதான் இருந்துச்சு," என்றாள்.

"பொம்பள கையில குடுக்காதீங்கன்னு அன்னைக்கே சொன்னேன்," என்றது வேலியோரக் குரல் ஒன்று. இன்னொருவன், "அடிப்பக்கத்தச் செதுக்கிட்டுப் போடலாம்ல? எரநூறு பேரு வந்திருக்காங்க," என்றான். டீக்கன் பன்றியைப் பார்த்தார், சபைக் கதவைப் பார்த்தார். அவர் மறுபடி பன்றியைப் பார்த்தபோது, செதுக்கிப் பரிமாறத்தான் சொல்லப்போகிறார் என்று வெர்னெலுக்குப் புரிந்தது.

மேஜை கழுவ வைத்திருந்த பிளீச்சிங் திரவக் கேனை எடுத்து இரண்டு பன்றிகள் மீதும் கவிழ்த்தாள்.

"அடிப்பாவி!" என்று வேலியோரத்திலிருந்து கத்தினார்கள்.

கங்கு சீறியது. கண் எரிந்தது. பொன்னிறத் தோல் திட்டுத் திட்டாக வெளுத்தது. சர்ச்சுக்குள்ளே ஆராதனையின் கடைசிப் பாட்டு முடிந்து கதவு திறக்க, பிள்ளைகள் காகிதத் தட்டுகளோடு முதலில் ஓடிவந்து, குழியின் முன்னால் வரிசை கட்டி நின்றார்கள்.