கரைப் பக்கத்து ஜன்னல்

கப்பலில் கரைப் பக்கம் ஜன்னல் இருக்கிற அறைதான் வேண்டும் என்று பூங்காவனம் ஒற்றைக் காலில் நின்றாள். அறுபத்திரண்டு வயதில் திருவேற்காட்டை விட்டால் திருப்பதி, அதற்கு மேல் போனதில்லை. கப்பலை மெரினாவில் நின்று தூரத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் நார்வே நாட்டுக் கரையோரமாகப் பன்னிரண்டு நாள் போகிற கப்பல் எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிற்கும் என்று கேளுங்கள், கடகடவென்று ஒப்பிப்பாள். ஒப்பிக்காமல் என்ன செய்வாள்? அந்தக் கடலில்தானே அவள் பெற்ற பிள்ளை போனான்.

உதயகுமார் சரக்குக் கப்பலில் இன்ஜினியர். நான்கு வருஷத்துக்கு முன்னால், மாசி மாதம், புயலில் ஓர் அலை அவனை மேல்தளத்திலிருந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. மூன்று நாள் தேடினார்கள். உடம்பு கிடைக்கவில்லை.

"ஒடம்பு கெடைக்கலன்னா ஆளு கீறான்னுதானே அர்த்தம்?" என்றாள் பூங்காவனம். துக்கம் கேட்க வந்த பங்காளிகளை வாசலோடு திருப்பி அனுப்பினாள். கருமாதி என்று வாயெடுத்தவனை அவள் திட்டிய திட்டு தெருமுனை வரை கேட்டது. மகன் படத்துக்கு மாலை ஏறவில்லை. மருமகள் சுரேகாவின் கழுத்தில் தாலியும் நெற்றியில் குங்குமமும் அப்படியே இருந்தன.

அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற சுரேகாவிடம், "அவன் போன எடத்தைக் காட்டுடி" என்று பூங்காவனம் அடிக்கடி கேட்பாள். அப்படி ஒரு நாள் போனில் வரைபடம் தேடும்போதுதான் இந்தக் கப்பல் விளம்பரம் கண்ணில் பட்டது. பூங்காவனம் உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு மீன்பிடி ஊராக நின்று நின்று போகிற கப்பலாயிற்றே! இறங்கிப் போட்டோவைக் காட்டிக் கேட்கலாம். தலையில் அடிபட்டு, பேர் மறந்து, எவன் வீட்டில் கிடக்கிறானோ. ஜூன் மாதம் என்று முடிவு செய்ததும் அவள்தான். ஜூனில் அங்கே சூரியன் மறைவதே இல்லையாம்.

"நாள் பூரா வெளிச்சம் கீதுன்னா தேடறதுக்குத் தோதுதானே? இன்னா சொல்ற?"

"சரி அத்தே" என்றாள் சுரேகா. அந்தப் பெண்ணுக்கு வேறு பேச்சே கிடையாது. இரண்டு கம்பளிக் கோட்டு போதுமே என்று ஒரு வார்த்தை சொன்னாளா? மூன்றாவதாக ஆண்கள் அளவில் ஒன்றையும் வாங்கி வந்து வைத்தாள்.

சனிக்கிழமை இரண்டு பேரும் ஷேர் வேன் பிடித்துப் பூந்தமல்லிக்குப் போனார்கள். அங்கே அப்துல் ரசாக் டிராவல்ஸ் நடத்துகிறார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள், துபாய்க்கு வேலைக்குப் போகிறவர்கள் என்று கடையில் எப்போதும் கூட்டம்.

"போறதுக்கு ரெண்டு டிக்கெட்டு. வர்றதுக்கு மூணு போடு பாய்" என்றாள் பூங்காவனம்.

ரசாக் நிமிர்ந்து சுரேகாவைப் பார்த்தார். "மூணாவது டிக்கெட்டை அங்க போய் எடுத்துக்கலாம் அத்தே" என்றாள் அவள், குரல் மாறாமல்.

அடுத்தது விசா படிவம். ரசாக் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கல்யாணம் ஆகிவிட்டதா? ஆகிவிட்டது. புருஷன் எங்கே?

"கப்பல்ல இருக்காரு. கூப்பிட்டா லைன் கிடைக்காது" என்றாள் சுரேகா.

பூங்காவனம் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அந்தப் பதில் அவ்வளவு சரளமாக வந்தது. ஆபீசில், வேனில், வளைகாப்பு வீடுகளில், எத்தனை பேரிடம் இதைச் சொல்லியிருப்பாள்! தன்னைப் போலவே இவளும் நம்பிக் காத்துக்கொண்டிருக்கிறாள் என்றல்லவா இத்தனை நாளும் நினைத்தாள்? நம்புகிறவள் காணோம், தேடுகிறோம் என்றல்லவா சொல்வாள்?

ரசாக்குக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "அம்மா, உண்மை இல்லாததை எழுதிட்டு மாட்டினா, கையெழுத்து போட்ட இந்தப் பொண்ணுக்குத்தான் கஷ்டம். அப்புறம் எந்த நாட்டுக்கும் விசா கெடைக்கறது குதிரைக் கொம்பு."

"பரவாயில்ல பாய், குடுங்க" என்று சுரேகா படிவத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தாள்.

பூங்காவனம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "என்னப் பாருடி. அவன் உசுரோட கீறான்னு நீ நெனச்சியா? ஒரு நாளாவது?"

சுரேகா தலையைக் குனிந்துகொண்டாள். "கம்பெனிலேர்ந்து போன் வந்த அன்னிக்கே தெரியும் அத்தே. உங்களுக்காகத்தான்..."

முப்பத்தொரு வயதுப் பெண்ணை நாலு வருஷமாக இப்படிக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறோமே, நாமெல்லாம் ஒரு மனுஷியா என்று பூங்காவனத்துக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"எழுது பாய்" என்றாள். "இவ புருஷன் செத்துட்டான்னு எழுது. கம்பெனி குடுத்த பேப்பரு என் பீரோல கீது. நான்தான் பூட்டி வெச்சுகினு கீறேன்."

சொன்ன வாய் கோணிக்கொண்டது. "ஐயோ, என் ராசா!" என்று அந்தச் சின்னக் கடையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நாலு வருஷ அழுகை. வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். சுரேகா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு தானும் அழுதாள்.

வெகுநேரம் கழித்து ரசாக் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "அப்ப கப்பல் வேணாம், இல்லம்மா?"

"யாரு சொன்னது? போறோம்." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "பாய், கொஞ்சம் எள்ளு எடுத்துகினு போனா கப்பல்ல உடுவாங்களா? பொம்பள எறைக்கக் கூடாதும்பானுங்க. அவனுக்கு வேற யாரு கீறாங்க? நான் எறைக்கிறேன்."