மொட்டை மாடி அலைவரிசை

மகாராஜா, ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடியை இரண்டு பேரைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அண்ணனின் பட்டு வேட்டி இடுப்பில் அந்தச் சின்ன வாக்கி-டாக்கி ரேடியோவைச் செருகிக்கொண்டிருந்தார். அது நிற்கவில்லை. அவர் உயிரோடு இருந்தவரை பெல்ட்டில் ஒழுங்காகத் தொங்கிய கருவி, இப்போது வழுக்கி வழுக்கி விழுந்தது. கடைசியில் அதை நெஞ்சின் மேல் கிடத்தி, மாலைக்குள் சொருகி, இப்படியும் அப்படியும் திருகித் திருப்தியானார்.

"அண்ணன் உசுரே இதுலதான் இருந்துச்சு. கூடவே போட்டும்" என்றார், தெருவுக்கே கேட்கிற மாதிரி.

செத்தவரின் தம்பி மகாராஜா, வியாபாரிகள் சங்கச் செயலாளர். சமையல்கட்டில் தண்ணீர் கேட்டாலும் எதிரே மைக் இருப்பதாகவே நினைப்பவர். தெருமுனையில் அவர் கட்டியிருந்த பிளக்ஸில் செத்தவர் ஒரு மூலையிலும், கைகூப்பிய மகாராஜா மீதி இடம் முழுவதிலும் இருந்தார்கள். கீழே 'வானொலி விஞ்ஞானி' என்று போட்டிருந்தது. செத்துப்போன சிவனணைந்தபெருமாள் பிளம்பிங் சாமான் கடை வைத்திருந்தவர்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செண்பகம் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் தூக்கிவிடுவார்கள். சுடுகாட்டுக்கு அவள் போக முடியாது. அது போகும்.

"தம்பி, அத வைக்க வேண்டாம்."

"ஏன் மதினி?"

"பேட்டரி இருக்கு. தீயில வெடிக்கும்."

மகாராஜா ஆழ்ந்து யோசித்தார். "அப்ப தூக்கும்போது பேட்டரிய மட்டும் கழத்திருவோம்."

வேறு காரணம் அவளிடம் தயாராக இல்லை. இருந்த ஒன்றை இழவு வீட்டில் சொல்ல முடியாது. அது எனக்கு வேண்டும்.

ஒரு சுமாரான செருப்பு விலைக்கு அவள் புருஷன் ஆன்லைனில் வாங்கியது அது. பார்சலைப் பிரித்த பிறகுதான், பொத்தானை அழுத்திப் பேச வேண்டுமானால் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று தெரிந்தது. செண்பகம் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பாள். அவர் பதிலை யோசித்து முடிப்பதற்குள் புளிக்குழம்பு கொதித்துவிடும். துணைக்கு இருக்கட்டும் என்று அவளுக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டார். சென்னைக்குப் போய் இருவரும் எழுதினார்கள். அவள் தேறினாள். அவர் அடுத்த தடவை தேறினார். "நாங்க ரெண்டு பேருமே பாஸு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார். பொய்யில்லை. தேதிதான் கொஞ்சம் முன்னே பின்னே.

லைசென்ஸ் இரண்டு வந்தது. ரேடியோ ஒன்றுதான். அது அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. "ஒனக்கும் ஒண்ணு வாங்குவோம்ளா" என்பார். "எனக்குப் பேச என்ன கெடக்கு" என்பாள் அவள். ஆனால் தினமும் காலை எட்டு மணிக்குச் இப்படி லைசென்ஸ் வாங்கிய சுற்றுவட்டாரத்து ஹாம் ரேடியோக்காரர்கள் எல்லாரும் கூடிப் பேசும்போது, மிக்ஸியைப் போடாமல் காத்திருப்பாள். ரேடியோவில் பெயர் மாதிரி சொல்ல அரசாங்கம் அவளுக்கென்று கொடுத்த அழைப்புக் குறியை இதுவரை யாரும் காற்றில் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை.

மூடியை இறக்கப் போகும்போது பெட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"சிவன் அண்ணாச்சி... சிவன் அண்ணாச்சி... கேக்குதா? ஓவர்."

ஒப்பாரி பாதியில் நின்றது. மூடி பிடித்த ஒருவர் மூடியை மற்றவரிடம் முழுசாக ஒப்படைத்துவிட்டுப் பந்தலுக்கு வெளியே போய் நின்றார். செத்தவரின் அக்கா பேச்சி மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஏலே, எந்தம்பிய எவனோ கூப்புடுதாம்லே! பெருமாளு, வாரேன்னு சொல்லிராதலே!"

செண்பகத்துக்கு மட்டும் விஷயம் தெரிந்தது. மகாராஜா திருகிய திருகலில் ரேடியோ உயிர்பெற்றிருக்கிறது. மணி எட்டு. சாயர்புரத்திலிருந்து அற்புதமணி சார் வருகைப் பதிவு எடுக்கிறார். ஓய்வு பெற்ற பேராசிரியர். நாலு பேர் சாப்பிட்டாச்சா என்று விசாரித்துக்கொள்ளும் கூட்டத்தைத் தலைமைச் செயலகம் போல நடத்துகிறவர்.

மகாராஜா சுதாரித்துக்கொண்டார். மைக் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. ரேடியோவை எடுத்து, பக்கவாட்டில் அகப்பட்ட பொத்தானை அமுக்கி, "வானொலிப் பெருமக்களே! எங்கள் குடும்பத்தின் ஆலமரம் சாய்ந்துவிட்டது" என்று தொடங்கினார். ரேடியோவின் உச்சியிலிருந்த டார்ச் எரிந்தது. சங்கத்தின் கடந்தகாலச் சாதனைகள் வரை அவர் பேசியதெல்லாம் அந்த வெளிச்சத்துக்குத்தான் கேட்டது.

"சிவன் அண்ணாச்சிட்டருந்து பதில் இல்ல" என்றது ரேடியோ. "கடைசியா ஒரு தடவ கூப்புடுதேன்."

செண்பகம் எழுந்தாள்.

"தம்பி, நீங்க அமுக்குதது டார்ச்சு. இங்கன கொண்டாங்க."

"எதுக்கு மதினி?"

"நான் பேசணும். இத எரிக்க விடமாட்டேன். எனக்கு வேணும்."

சொல்லிவிட்டாள். பந்தலே திரும்பிப் பார்த்தது.

"ஏளா" என்றாள் பேச்சி. "புருசனக் கெடத்திட்டு எவங்கிட்டளா பேசப் போற?"

"சொந்தத்துக்கெல்லாம் போன் போட்டாச்சு மதினி. இவுகளுக்கு ஒருத்தரும் சொல்லல. தெனமும் இவுகளோடதான பேசிட்டுக் கெடந்தாக."

பேச்சி அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மாடிப்படியை மறித்து நீட்டியிருந்த கால்களை மடக்கிக்கொண்டாள்.

"வெரசலா வா."

கான்கிரீட்டுக்கும் தகரப் பந்தலுக்கும் அடியில் நின்றால் கேட்கத்தான் முடியும், பேசுவது, குரலை வாங்கித் தூரத்துக்கு அனுப்பும் கோபுரத்துக்கு எட்டாது. ரேடியோவோடு அவள் போய் நின்ற மொட்டை மாடியில் வெயில் ஏறியிருந்தது. தூரத்தில் உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன. செண்பகம் பொத்தானை அழுத்தினாள். விட்டாள். மறுபடி அழுத்தினாள்.

"சார்... நான் செண்பகம். சிவனணைந்தபெருமாள் வீட்டுலருந்து. அவுக ராத்திரி தவறிட்டாக."

பேசி முடித்ததற்கு அடையாளமான ஓவரைச் சொல்ல மறந்துபோனாள்.

"ஐயோ... தாயி..." சார் குரலில் செயலகம் காணாமல் போயிருந்தது. "நேத்துக்கூட ஏரியல் உசரம் பத்தி எங்கிட்ட சண்ட போட்டாரே. அவரு சொன்னதுதான் சரி. இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்..." அவரும் ஓவர் சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தங்கள் அழைப்புக் குறியைச் சொல்லிவிட்டு, பொத்தானை விடாமல் சும்மா இருந்தார்கள். தருவைகுளத்துக்காரரின் மௌனத்தில் படகு எஞ்சின் ஒன்று கடந்துபோனது. ஆலந்தலையில் கோயில் மணி அடித்தது. இன்னொருவர் வீட்டில் குழந்தை எதற்கோ அடம்பிடித்தது. செண்பகம் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

அற்புதமணி சார் கனைத்துக்கொண்டார். செயலகம் திரும்பியது.

"மொதல்ல சேதி சொன்ன நிலையம் எது? அழைப்புக் குறி சொல்லல. சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா. ஓவர்."

"விக்டர் யூனிஃபார்ம் த்ரீ" என்று வி, யூ, மூன்றைப் பரீட்சைக்குப் படித்த முறையிலேயே ஆரம்பித்து, மீதி எழுத்துகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஓவர்."

"வரவேற்கிறோம். சிக்னல் அருமையா இருக்கு. கொஞ்சம் தள்ளிப் புடிச்சுப் பேசுங்க, மூச்சுச் சத்தம் விழுது. ஓவர்."

கீழே சங்கு ஊதினார்கள். செண்பகம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ரேடியோவை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்து, பொத்தானை அழுத்தினாள்.